மூளியும் கச்சிதமும்

திருச்சி டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறை. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு அங்கே போயிருந்தேன். உள்ளே வேப்பமர நிழலில் ஒரு பிளைமவுத் நின்றது. ஐம்பதுகளின் தொடக்கத்து வண்டி. எங்கிருந்தோ தேடிப்பிடித்து மாமா வாங்கியிருந்தார். முன் கிரில்லில் முலாம் உரிந்திருந்தது. கதவுகளின் மேல் நீளவாக்கில் ஓட வேண்டிய பளபளப் பட்டைகளைக் காணோம். அவற்றைப் பிடித்திருந்த கிளிப்புகளின் ஓட்டைகள் மட்டும் வரிசையாக, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி தெரிந்தன.

"என்ன பாய், இப்படி மூளியா நிக்குது?" என்றார் மாமா. அமெரிக்காவிலிருந்து பட்டைகளை வரவழைக்க முடியுமா என்று ஏற்கெனவே விலை விசாரித்து வைத்திருந்தார்.

பாய் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவு தடவினார். "ஓட்டைய அடைச்சிரலாம் சார். இந்த வண்டிக்கு அது வேணாம்" என்றார்.

அன்றைக்கு மாமாவுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரிஜினலில் இருந்ததை எடுத்துவிடச் சொல்ல இவர் யார்? ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. அது மாமா சொன்ன அந்த வார்த்தை. மூளி.

தமிழில் அது லேசான சொல் இல்லை. காதில் தோடு இல்லாவிட்டால் மூளிக்காது. கழுத்து வெறுமையாக இருந்தால் மூளி. புருஷனை இழந்த பெண்ணைக் குத்திக்காட்ட அந்தச் சொல்லைப் பயன்படுத்திய காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. அலங்காரம் இல்லை என்றால் ஏதோ போய்விட்டது, யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதே தமிழில்தான் 'கச்சிதம்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூளிக்கும் கச்சிதத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு எது? அலங்காரம் குறைந்த அமெரிக்கக் கார்களின் கதையைப் படிக்கப் படிக்க, நான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் கோட்டைத்தான் என்று பட்டது.

*

முதலில், அமெரிக்க வண்டிகள் காவிரிக் கரைக்கு ஏன் வந்தன? நம்மை ஆண்டது பிரிட்டன். வந்திருக்க வேண்டியது பிரிட்டிஷ் கார்கள்தானே?

பிரிட்டனில் எஞ்சின் சிலிண்டரின் விட்டத்தைக் கணக்கிட்டு வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து அங்கே எஞ்சின்கள் ஒல்லியாயின, கார்கள் சிறுத்தன. அமெரிக்காவில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே கிராமத்து மண் ரோட்டில் ஓட வேண்டும், உழவனின் மூட்டையைச் சுமக்க வேண்டும். அதனால் பெரிய எஞ்சின், நிதானமான இழுவை, தரையிலிருந்து நல்ல உயரம். நம் ஊர் ரோடும் மண் ரோடுதான். ஃபோர்டு கம்பெனி தன் கனடா கிளை வழியாக 1926ல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கியது. 1928ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவர்லேக்களைப் பூட்ட ஆரம்பித்தது. தெற்கே 1912ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. அந்த டி.வி.எஸ்.ஸின் பெயரைத்தான் பட்டறை இருக்கும் டோல்கேட் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து ஜனங்கள் காருக்கு வைத்த பெயர் 'பிளஷர்'. லாரி, பஸ் இல்லாமல் சொகுசுக்கு ஓட்டுகிற 'பிளஷர் கார்'. கார் போய்விட்டது, பிளஷர் நின்றுவிட்டது. "பிளஷர் வந்திருக்கு" என்றால் யாரோ பெரிய மனுஷன் வந்திருக்கிறார். பெரிய மனுஷன் என்றால் பளபளப்பு வேண்டாமா?

*

ஆனால் அமெரிக்கக் கார் பளபளப்பில் தொடங்கவில்லை. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யைப் போல ஒரு மொட்டை வண்டி கிடையாது. 1914லிருந்து 1925 வரை கறுப்பு மட்டும்தான். ஹென்றி ஃபோர்டின் கவலையெல்லாம் விலை. 1927ல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்திருந்தார்கள். அதே 1927ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஹார்லி ஏர்ல் என்ற இளைஞரின் தலைமையில் 'கலை, வண்ணப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கியது. வருஷா வருஷம் வண்டியின் முகத்தை மாற்று, பழசை வைத்திருப்பவனுக்குக் கூச்சம் வரட்டும். ஏர்லின் கொள்கையை முரட்டுத்தனமாகச் சுருக்கினால் இவ்வளவுதான். போன வருஷத்து வண்டிக்கும் இந்த வருஷத்து வண்டிக்கும் உள்ளே பெரிய மாற்றம் இல்லாவிட்டால், வெளியே ஒரு பட்டையைக் கூட்டினால் போதும். குரோமியம் மலிவான புதுமை.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பட்டறைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். குரோமியம் மறைக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடம், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், இரண்டு வண்ணங்கள் முட்டும் விளிம்பு எல்லாவற்றின் மேலும் ஒரு பட்டையைப் போட்டால் கண் பட்டையைத்தான் பார்க்கும். உயரமான பக்கவாட்டுத் தகட்டில் நடுவில் ஒரு கோடு ஓடினால் வண்டி தாழ்வாகவும் நீளமாகவும் தெரியும். குண்டானவர் நெடுக்குக் கோடு போட்ட சட்டை போட்டுக்கொள்கிற அதே தந்திரம்தான்.

பட்டை இல்லாத வண்டி எப்படி இருக்கும் என்று அமெரிக்கா ஒருமுறை கட்டாயத்தின் பேரில் பார்த்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின், போருக்கு உலோகம் வேண்டும் என்று 1942 ஜனவரி முதல் பம்பரைத் தவிர வேறெங்கும் பளபளப்பு கூடாது என்று அரசு தடுத்துவிட்டது. அச்சு ஏற்கெனவே தயார், வடிவத்தை மாற்ற நேரமில்லை. குரோமியம் இருக்க வேண்டிய பாகங்களின் மேலேயே பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றது. 'பிளாக் அவுட்' வண்டிகள் என்று இன்று அவற்றைத் தேடிச் சேகரிக்கிறார்கள். படங்களில் பார்க்கும்போது எனக்கு அவை மூளியாகத்தான் தெரிகின்றன. நகைக்காகச் செய்த இடங்கள் அப்படியே இருக்கின்றன, நகை மட்டும் இல்லை. தோடு கழற்றிய காதில் துளை தெரிகிற மாதிரி.

போர் முடிந்ததும் இரண்டு வழிகள் பிரிந்தன.

ஒன்று கிரைஸ்லர் வழி. அதன் தலைவர் கே.டி. கெல்லருக்குக் காரில் உட்காருகிறவன் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பது சித்தாந்தம். 1949ல் வந்த பிளைமவுத்தும் டாட்ஜும் டிசோட்டோவும் நிமிர்ந்த, பெட்டி பெட்டியான வண்டிகள். பிளைமவுத்தில் 217.8 கன அங்குலத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின், 97 குதிரைத்திறன். அமெரிக்காவில் அவற்றைச் சலிப்பூட்டும் வண்டிகள் என்றார்கள். 1952ல் ஃபோர்டு கம்பெனி விற்பனையில் கிரைஸ்லரை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதே பெட்டி வண்டிகளை வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் நிறுவனம் பம்பாய் குர்லாவில் பூட்டி விற்றது. டெட்ராய்டில் தொப்பிக்காக விட்ட இடம் நம் ஊரில் தலைப்பாகைக்குச் சரியாக இருந்தது. மாமாவின் வண்டி அந்தக் குடும்பத்தது.

இன்னொன்று ஸ்டூடிபேக்கர் வழி. ரேமண்ட் லோவியின் குழுவில் இருந்த ராபர்ட் பூர்க் வடிவமைத்து 1953ல் வந்த இரண்டு கதவு ஸ்டூடிபேக்கரைத் தேடிப் பாருங்கள். தாழ்வான முகம், பக்கவாட்டுத் தகட்டிலேயே வளைத்து எடுத்த ஒரு மடிப்பு. ஒட்டவைத்த கோடு இல்லை, தகடே போட்டுக்கொண்ட கோடு. ஸ்டூடிபேக்கர் நமக்கு அந்நியமான பெயரும் இல்லை, பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அந்தக் கம்பெனியின் சாம்பியன் கார்களைப் பூட்டியது. 1955ல் லோவி 'அட்லாண்டிக்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே அமெரிக்கக் காரைச் சக்கரம் வைத்த ஜூக்பாக்ஸ் என்று கேலி செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1955ல் ஸ்டூடிபேக்கர் கம்பெனியே அந்த அழகான முகத்தில் கனமான குரோமியக் கிரில்லை மாட்டிவிட்டது. விற்பனை சரிந்துகொண்டிருந்தது, பயம் வந்துவிட்டது. பயந்தவன் முதலில் செய்வது நகை போட்டுக்கொள்வதுதான்.

அப்புறம் திருவிழாதான். பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948ல் கேடிலாக்கில் சின்னதாக முளைத்த மீன்துடுப்பு, 1959ல் ஆள் இடுப்பைத் தாண்டி நின்றது. 1958 பியூக்கின் கிரில்லில் மட்டும் 160 பளபளச் சதுரங்கள். கெல்லர் காலத்துப் பெட்டிகளால் அடிவாங்கிய கிரைஸ்லரும் 1957ல் விர்ஜில் எக்ஸ்னரின் கையால் பெரிய துடுப்புகளை வளர்த்தது. பார்க்க அற்புதமான அந்த வண்டிகள் சீக்கிரமே துருப்பிடித்துக் கெட்ட பெயர் வாங்கின. நம் பழைய படங்களில் பணக்கார அப்பா மாடிப்படி இறங்கி ஏறுகிற 'படகுக் கார்' இந்தக் காலத்துப் பிள்ளைதான்.

*

இந்தத் திருவிழாவுக்கு நடுவில், வேண்டுமென்றே கூட்டத்திலிருந்து விலகி நின்ற வண்டிகள் இரண்டு.

1956ல் ஃபோர்டு செய்த கான்டினென்டல் மார்க் 2. விலை சுமார் 10,000 டாலர், அன்றைக்கு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் விலைக்குப் பக்கத்தில். அவ்வளவு விலை கொடுத்தவனுக்குக் கிடைத்தது துடுப்பும் இல்லை, இரட்டை வண்ணமும் இல்லை, பக்கவாட்டில் பட்டையும் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லாததால் தகட்டையும் பெயிண்டையும் அப்பழுக்கில்லாமல் செய்ய வேண்டியிருந்தது. அந்த விலையிலும் கம்பெனிக்கு நஷ்டம். சுமார் 3,000 வண்டிகளோடு 1957ல் கதை முடிந்தது.

இரண்டாவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், பெயர் தெரியாமல் இருக்கலாம். 1963 நவம்பர் 22ல் டல்லஸில் கென்னடி சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்த வண்டி 1961 லிங்கன் கான்டினென்டல், நீளம் கூட்டி மாற்றியது. எல்வுட் எங்கல் முதலில் வரைந்தது வேறொரு காருக்கு, ஃபோர்டு தண்டர்பேர்டுக்கு. கம்பெனி மேலதிகாரி ராபர்ட் மெக்னமாரா அந்தக் களிமண் மாதிரியைப் பார்த்து, இதையே நான்கு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். பிற்பாடு வியட்நாம் போரை நடத்திய அதே மெக்னமாராதான். முந்தின வருஷத்து லிங்கனை விட அது ஓர் அடிக்கு மேல் குட்டை. துடுப்பு இல்லை, தகட்டில் சிற்ப வேலை இல்லை, பக்கவாட்டு ஒரே சமதளம். ஆனால் கவனியுங்கள், குரோமியம் அடியோடு இல்லாமல் இல்லை. பக்கவாட்டின் மேல் விளிம்பில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரைக்கும் ஒரே ஒரு பளபளக் கோடு ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் வண்டியின் எல்லை மங்கிவிடும். மறைப்பதற்காக வைத்த கோடு இல்லை, காட்டுவதற்காக வைத்த கோடு.

மூளிக்கும் கச்சிதத்துக்கும் நடுவில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நகை இருக்கிறதா இல்லையா என்பது இல்லை. நகை இருந்தால் அது எதையாவது மூடுகிறதா, நகை இல்லாவிட்டால் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறதா? லிங்கனில் எதுவும் காணாமல் போகவில்லை. 1942 வண்டியில் எல்லா இடத்திலும் ஏதோ காணாமல் போயிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் 'சிம்பிள்'. கிட்டப் போய்க் கை வைத்தால்தான் தெரியும்.

முழு வெறுமையும் கச்சிதமாகலாம். 1951ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டு கார்களைச் சிற்பங்கள் மாதிரிக் காட்சிக்கு வைத்தபோது, பென்ட்லிக்கும் மெர்சிடிஸுக்கும் நடுவில் ஒரு ராணுவ ஜீப்பும் நின்றது. நம் ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசல்களில் நின்ற அதே ஜாதி ஜீப்புதான். அதில் ஒரு பொட்டு பளபளப்பு கிடையாது. யாரும் அதை மூளி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

*

நம் ஊர் அமெரிக்கக் கார்களின் கதை இதில் மூன்றாவது வகை. 1953ல் சுங்கத் தீர்வை ஆணையம், இந்தியாவிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1954ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இங்கே இருந்த வண்டிகள் இங்கேயே மாட்டிக்கொண்டன. அமெரிக்காவில் நான்கைந்து வருஷத்தில் தலை முழுகியிருக்கும் வண்டிகள் நம்மிடம் முப்பது, நாற்பது வருஷம் உழைத்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டவை பல. போகிற வழியில் ஒவ்வொரு நகையாகக் கழன்றது. முதலில் சக்கர மூடி, அப்புறம் பக்கவாட்டுப் பட்டை, அப்புறம் எழுத்துகள். மாற்று கிடைக்காது. இந்த வெறுமை அரசு ஆணையும் இல்லை, ஓவியனின் முடிவும் இல்லை, வெறும் காலம்.

காலம் செய்த வெறுமை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. இன்று 13 நிலையோடு 236 அடி உயரத்தில் நிற்கும் தெற்கு ராஜகோபுரம், விஜயநகர - நாயக்கர் காலத்தில் தொடங்கி அடித்தளக் கல்வேலையோடு நின்றுபோனது. பல தலைமுறைகள் அதற்கு 'மொட்டைக் கோபுரம்' என்றுதான் பெயர். அஹோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முன்னின்று கட்டி முடித்து 1987 மார்ச் 25ல் கும்பாபிஷேகம் ஆனது. என் பாட்டி கடைசி வரைக்கும் "மொட்டைக் கோபுரத்துக்கிட்ட எறங்கிக்கோ" என்றுதான் சொன்னாள். "இப்பதான் கட்டியாச்சே பாட்டி" என்றால், "கட்டினா கட்டட்டும், அதுக்குப் பேர் அதான்" என்பாள். அது குறையாக நின்ற காலத்திலேயே அதைக் குறையென்று பார்ப்பதை அவள் நிறுத்தியிருந்தாள். ஆனாலும் ஒன்று: அந்தக் கோபுரம் மொட்டையாக இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. நாம் பழகிக்கொண்டோம். பழகியதற்கும் கச்சிதத்துக்கும் வித்தியாசம் உண்டு. பழைய பொருள்களை நேசிக்கிற நம் மாதிரி ஆட்கள் சுலபமாக மறக்கிற வித்தியாசம்.

*

அதனால்தான் மாமாவின் சண்டை சின்னச் சண்டை இல்லை. பட்டையை வரவழைத்து மாட்டினால் கம்பெனி விற்ற வண்டிக்கு நேர்மையாக இருக்கலாம். ஓட்டையை அடைத்தால் வண்டி வாழ்ந்த வாழ்க்கைக்கு நேர்மையாக இருக்கலாம், ஆனால் அது ஒரு பொய்யையும் சொல்லும். பிறக்கும்போதே இப்படித்தான் என்கிற பொய்.

மூன்று வாரம் யோசித்துவிட்டு மாமா பட்டறைக்குப் போன் செய்தார். "அடைச்சிருங்க பாய்."

காரணம் கேட்டேன். "அந்தாளு கையால தடவிப் பாத்துட்டுத்தான்டா சொன்னாரு. நான் போட்டோவப் பாத்துட்டுப் பேசறேன்."

வேலை தொடங்கியதும் பட்டை இத்தனை நாள் எதை மறைத்தது என்று தெரிந்தது. ஓட்டைகளை வெல்டு வைத்து ராவியதும், தகடு முழுக்க அலை அலையாக நெளிவு. இந்த மாதிரித் தட்டை இடத்தில் பெயிண்ட் ஒரு கண்ணாடி, எந்த நெளிவையும் இரட்டிப்பாக்கிக் காட்டும். "பட்டிய அப்பிட்டா ஒரு நாள் வேலை. ஆனா ரெண்டு மழைக்கு மேல தாங்காது" என்றார் பாய். தட்டித் தட்டி, கையால் தடவி, மறுபடி தட்டி, ஒரு பக்கத்துக்கே பத்து நாளுக்கு மேல் ஆனது. கடைசியில் வந்த கூலி, அமெரிக்காவிலிருந்து பட்டை வரவழைக்கும் செலவை விட அதிகம். மார்க் 2 விஷயத்தில் ஃபோர்டு கம்பெனிக்குக் கிடைத்த பாடம் டோல்கேட்டில் மாமாவுக்குக் கிடைத்தது. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் செலவு.

ஒரே ஒரு விஷயத்தில் மாமா பிடிவாதம் பிடித்தார். பிளைமவுத்தின் பானட் நுனியில் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் இருக்கும். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களை 1620ல் அமெரிக்காவுக்கு ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பல், பிளைமவுத் குடியேற்றத்தின் அடையாளம். அந்தக் கப்பலை மட்டும் புதிதாக முலாம் பூசி மாட்டச் சொன்னார். பாய் மறுக்கவில்லை. "அது இருக்கட்டும் சார். கண்ணு எங்கயாவது உக்காரணும்ல" என்றார்.

கரும்பச்சை வண்ணத்தில் வண்டி வெளியே வந்த அன்றைக்குச் சாயங்காலம் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் வண்டியின் பக்கவாட்டில் வளையாமல் ஓடியதை, பக்கத்தில் பைக்கில் வந்த என் நண்பன் போனில் படம் பிடித்தான். அந்தப் படத்தில் வண்டியில் பட்டை இல்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கப்பலைத் தொட்டுப் பார்த்தார். கதவோரம் குனிந்து பார்த்தார்.

"பிளஷர் பிரமாதமா இருக்கு தம்பி" என்றார் மாமாவிடம். "பாக்கி வேலையெல்லாம் எப்ப முடியும்?"

மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீயை மட்டும் நிதானமாகக் குடித்தார்.